காயும் வரை விடலாமா? உடைந்த பருவும் பெங்களூருச் சந்தனமும்

முகத்தில் பரு உடைந்து, சுற்றிலும் சிவந்து வீங்கினால், பெங்களூரின் பல வீடுகளில் இன்றும் முதலில் சொல்லப்படும் மருந்து சந்தனம். மல்லேசுவரத்துக் கன்னட வீடாயினும் அல்சூர்த் தமிழ் வீடாயினும் சொல்லும் முறை ஏறத்தாழ ஒன்றே: சந்தனத்தை நீர்விட்டு இழைத்து, பருவின்மேல் அப்பி, இரவு முழுவதும் விட்டு, காலையில் காய்ந்ததைக் கழுவ வேண்டும். இந்தக் கைமருத்துவத்தை "நம் முன்னோர் மருத்துவம்" என்று போற்றுவோரும், "அறிவியலுக்குப் புறம்பானது" என்று தள்ளுவோரும் ஒரு செய்தியில் ஒத்துப்போகின்றனர். இருவருமே இதனைப் பழைய மருத்துவ நூல்களின் நேரடித் தொடர்ச்சியாகக் கொள்கின்றனர். அந்தக் கொள்கை நிற்குமா என்பதே இங்கு வினா.

முதலில் சொற்கள். தமிழில் "பரு" என்பது பெயராகவும் வினையாகவும் நிற்கிறது. பருத்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். பருவத்தில் வருவதால் பரு என்று மக்கள் சொல்லும் விளக்கம் சுவையானது. ஆனால் "பருவம்" என்பதை வடமொழிப் "பர்வன்" என்பதன் வழிவந்ததாகவே அகராதியாளர் கொள்வர். எனினும் அந்த மக்கள் விளக்கத்தைப் பிழை என்று மட்டும் கூறி ஒதுக்குவதற்கில்லை. சுசுருத சங்கிதை இந்நோயை "யௌவன பிடகை" என்கிறது. இளமையின் கொப்புளம் என்பது பொருள். முகத்தைக் கெடுப்பது என்னும் பொருளில் "முகதூஷிகை" என்ற பெயரும் அங்கு உண்டு. ஆங்கிலத்தின் "ஆக்னி" என்னும் சொல், உச்சி என்று பொருள்படும் "ஆக்மே" என்ற கிரேக்கச் சொல்லின் பிறழ்ந்த வடிவம் எனப் பலரும் கருதுவர். 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமிடா நகரத்து ஏட்டியசின் நூலில் அது தோன்றுகிறது. வாழ்வின் உச்சியாகிய இளமையை அது குறித்திருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பற்ற மரபுகளும் இந்நோயை வயதோடு இணைத்தே கண்டுள்ளன.

சுசுருதர் இதனைச் சிறு நோய்களின் பட்டியலில் வைக்கிறார். இலவமரத்து முள்ளைப் போன்ற வடிவுடையது என்ற உவமை அங்கு வருகிறது. இலவின் அடிமரத்தைக் கண்டவர்க்கு அதன் பொருத்தம் விளங்கும். மருந்தாக வாந்தி செய்வித்தலையும், வசம்பு, வெள்ளிலோத்தி, இந்துப்பு, கடுகு ஆகியவற்றை அரைத்துப் பூசுதலையும் அவர் கூறுகிறார். இப்பட்டியலில் சந்தனம் இல்லை என்பது நோக்கத்தக்கது. பிற்காலத்துச் சாரங்கதர சங்கிதையில் முகத்தின் கருமைக்குரிய பூச்சொன்றில் சந்தனம் இடம்பெறுகிறது, அதுவும் செஞ்சந்தனம். செஞ்சந்தனமும் வெண்சந்தனமும் பெயரால் மட்டுமே உறவுடையவை. முன்னது ஆந்திரத்தின் சேஷாசலம் மலைகளில் வளரும் வேங்கை இனத்து மரம், மணமற்றது. பின்னதே மைசூர் நாட்டுக்குப் புகழ் சேர்த்த மணமுள்ள மரம்.

இவற்றைக் காட்டிலும் முதன்மையான செய்தி, பூச்சுகளைப் பற்றி அந்நூல் வகுக்கும் பொது விதிகளில் உள்ளது. சூத்திரத்தானத்தின் 18ஆம் இயல் பூச்சுகளுக்கும் கட்டுகளுக்கும் உரியது. பூசிய பூச்சைக் காய்ந்துபோக விடலாகாது என்பது அங்குள்ள விதிகளுள் ஒன்று. அதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு: உள்ளிருக்கும் சீழை அழுத்தி வெளியேற்ற வேண்டிய இடத்தில் மட்டும் காய விடலாம். காய்ந்த பூச்சு பயனற்றது, வலியும் தருவது என்பது காரணம். இரவில் பூச்சிடலாகாது என்பது மற்றொரு விதி. அதற்கு முந்திய 17ஆம் இயல் வீக்கத்தைப் பழுக்காதது, பழுத்துக்கொண்டிருப்பது, பழுத்தது என்று மூன்றாகப் பிரிக்கிறது. பழுக்காததை அறுப்பவனையும், பழுத்ததை அறியாது விடுபவனையும் கடிந்து பேசுகிறது. வீக்கம் உடைந்த பின் அது "விரணம்" ஆகிறது, அதாவது புண். புண்ணுக்கு மருத்துவம் வேறு; அங்கே நெய்யும் தேனும் மீண்டும் மீண்டும் வருகின்றன.

இப்போது வீட்டு முறையை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். நூல் காயவிடாதே என்கிறது. வீடு காயும் வரை விடு என்கிறது. நூல் இரவில் வேண்டா என்கிறது. வீடு இரவு முழுவதும் என்கிறது. உடையாத வீக்கத்தையும் உடைந்த புண்ணையும் நூல் பிரிக்கிறது. வீடு இரண்டுக்கும் ஒரே சந்தனத்தைத் தருகிறது. ஆகவே வீட்டுச் சந்தனம் சுசுருதத்தின் நேரடித் தொடர்ச்சி என்ற கூற்று நிற்கவில்லை. வீட்டு மருத்துவம் எக்காலத்தும் நூலைப் பின்பற்றியது என்று கொள்வதற்கும் இடமில்லை. அது தனக்கே உரிய வாய்மொழி மரபையும் உடையது. ஆயினும் ஒன்றைத் துணிந்து கூறலாம். இன்று "சந்தனம் பருவுக்கு நல்லது" என்ற தொடரில் பொருளின் பெயர் இருக்கிறது. எப்போது, எவ்வளவு நேரம், எந்நிலைப் பருவுக்கு என்ற விதிகள் இல்லை. விதிகள் உதிர்ந்து பெயர் மட்டும் எஞ்சும் இந்நிலைக்குப் பெங்களூரின் கடந்த ஒரு நூற்றாண்டு வரலாறு பெரிதும் துணைநின்றிருக்கிறது.

சந்தன மரத்தை அரசுக்கே உரியதெனத் திப்பு சுல்தான் 1792இல் அறிவித்தார். அவருக்குப் பின் வந்த மைசூர் அரசும், விடுதலைக்குப் பிந்திய மாநில அரசும் அந்த உரிமையைக் கைவிடவில்லை. தனியார் நிலத்தில் தானே முளைத்த சந்தனமும் அரசின் சொத்தாகவே இருந்தது. கர்நாடகத்தில் 2001ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், தமிழ்நாட்டில் அதையடுத்து வந்த திருத்தமும் நிலத்துக்குரியவருக்கே மரத்தின் உரிமையை அளித்தன. ஏறத்தாழ 200 ஆண்டுகள், கொல்லையில் நிற்கும் மரத்தைத் தன் விருப்பப்படி வெட்ட இயலாத நிலையில் குடியானவர் இருந்தனர். வீட்டுச் சந்தனக் கட்டை என்பது விலைகொடுத்து வாங்கி, பூசையறையில் வைத்துச் சிறுகச் சிறுக இழைக்கும் பொருளாயிற்று.

மைசூர்ச் சந்தனக் கட்டைகள் ஏலத்தில் விற்கப்பட்டு ஐரோப்பாவுக்கு, குறிப்பாக ஜெர்மானிய வடிப்பாலைகளுக்குச் சென்றன. அங்கே வடிக்கப்பட்ட எண்ணெய் நறுமணப் பொருளாக மட்டும் பயன்படவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்னர் மேகவெட்டை நோய்க்கு உட்கொள்ளும் மருந்தாகச் சந்தன எண்ணெய் மேலைநாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. ஒரே மரம் தென்னிந்தியாவில் தோலின் மேல் பூசப்பட, ஐரோப்பாவில் வில்லைகளுக்குள் அடைபட்டு விழுங்கப்பட்டது. பொருள் கடல் கடந்தபோது அதன் பயன்முறை உடன் செல்லவில்லை என்பதற்கு இது முதற்சான்று.

1914இல் உலகப் போர் மூண்டதும் ஏலம் நின்றது. கட்டைகள் மைசூர்க் கிடங்குகளில் தேங்கின. அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார்; திவான் மோ. விசுவேசுவரய்யா, தொழில் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். எண்ணெயை இங்கேயே வடிக்கலாம் என்று முடிவாயிற்று. அதற்குரிய வேதியியல் ஆய்வு பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. 1909இல் நிறுவப்பட்ட அக்கழகத்தின் தொடக்ககால வேதியியலாளர்களான ஜே. ஜே. சட்பரோ, எச். ஈ. வாட்சன் ஆகியோர் இதில் பங்குகொண்டனர். 1916இல் பெங்களூரிலும் அடுத்த ஆண்டு மைசூரிலும் வடிப்பாலைகள் எழுந்தன. நாட்டின் தொழில் வரலாற்றில், ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு இத்துணை விரைவாகச் சென்ற முயற்சிகள் சிலவே.

எண்ணெயைத் தொடர்ந்து சோப்பு வந்தது. மைசூர்ச் சந்தன எண்ணெயால் வெளிநாட்டில் செய்யப்பட்ட சோப்புகளை விருந்தினர் ஒருவர் அரசருக்குப் பரிசளித்தார் என்றும், அதுவே இங்குச் சோப்பு செய்யத் தூண்டுகோலாயிற்று என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. சோசலெ கரளபுரி சாஸ்திரி என்னும் வேதியியலாளர் சோப்பு, நறுமணத் தொழில்நுட்பங்களைப் பயில இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1918இல் மைசூர் சாண்டல் சோப்பு வெளிவந்தது. நீள்வட்ட வடிவம், நகைப்பெட்டியை ஒத்த அட்டைப்பெட்டி, யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபச் சின்னம் ஆகியவை அதன் அடையாளங்களாயின. 1980இல் இத்தொழில் கர்நாடக சோப்பு, டிடர்ஜென்ட் நிறுவனமாக உருப்பெற்றது. 2006இல் அச்சோப்பு புவிசார் குறியீடு பெற்றது.

இங்கே மொழியியல் சார்ந்த ஒரு நுட்பம் உண்டு. சந்தனத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ஒன்று "சாந்து". அது பூசுதல் என்னும் பொருளுடைய "சாத்து" என்ற வினையோடு உறவுடையது. வடமொழிச் "சந்தனம்" என்பதே இத்திராவிட வேரிலிருந்து சென்றிருக்கலாம் என்று கருதிய அறிஞரும் உளர். கன்னடத்திலோ அன்றாட வழக்கில் சந்தனத்துக்குப் பெயர் "கந்த" அல்லது "ஸ்ரீகந்த". கந்தம் என்றால் மணம். தமிழ்ச்சொல் பூசும் செயலை நினைவில் வைத்திருக்கிறது. கன்னடச்சொல் மணத்தை முன்னிறுத்துகிறது. அதேபோல், தமிழில் கத்தி தீட்டும் கல்லுக்கே பெரும்பாலும் வழங்கும் "சாணைக்கல்" என்ற பெயர், கன்னடத்தில் சந்தனம் இழைக்கும் கல்லுக்கும் ஆகிவருகிறது. ஆலை எடுத்துக்கொண்டது மணத்தை மட்டுமே. கல், நீர், இழைத்தல், பூசுதல், கழுவுதல் என்னும் செயல்வரிசை முழுவதும் விடுபட்டது. ஆயினும் "கந்த" என்ற பெயர் மணத்தோடு சேர்ந்து சோப்புக்கட்டிக்குள் புகுந்ததால், மருந்தின் மீதிருந்த நம்பிக்கையும் உடன் புகுந்தது. கட்டையை இழைத்த கை, சோப்பை எடுத்தபோது தான் வேறொன்றைச் செய்வதாக உணரவில்லை.

உண்மையில் அது வேறொன்றுதான். கட்டிச் சோப்பின் காரத்தன்மை பொதுவாக 9 முதல் 10 வரையிலான அளவினது. தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ 5 என்னும் அளவில் சற்றே அமிலத்தன்மை உடையது. முழுத்தோலைக் கழுவ எந்தச் சோப்பும் உதவும். உடைந்த பருவின்மேல் எந்த நறுமணச் சோப்பைத் தேய்த்தாலும் எரிச்சல் கூடவே வாய்ப்பு அதிகம். இது ஒரு நிறுவனத்தின் குறையன்று; குளிப்பதற்கென்று செய்யப்பட்ட பொருளிடம் மருந்தின் வேலையை எதிர்பார்க்கச் செய்த பெயரின் வலிமை.

இன்றைய மருத்துவ அறிவு இவ்வினாவில் எங்கு நிற்கிறது? பரு என்பது மயிர்க்கால் நுண்துளை அடைபட்டு, எண்ணெய்ப்பசையும் இறந்த செல்களும் தேங்கி, அங்கு வாழும் நுண்ணுயிர் பெருகுவதால் எழும் அழற்சி. அதனைக் கிள்ளும்போது வெளியே வருவதைப் போலவே உள்ளேயும் ஒரு பகுதி தள்ளப்படுகிறது. நுண்துளையின் சுவர் கிழிந்து உள்ளடக்கம் தோலின் ஆழ்ந்த அடுக்கில் சிந்தினால், உடல் அதனை அயற்பொருளாகக் கொண்டு எதிர்க்கிறது, குருதிநாளங்கள் விரிகின்றன, சிவப்பும் வீக்கமும் உண்டாகின்றன. மாநிறத் தோலில் இவ்வழற்சி தணிந்த பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். வடுவைக் காட்டிலும் இக்கருமையே தென்னிந்திய இளைஞர் பலரின் உண்மையான துயரம்.

சந்தன எண்ணெயின் முதன்மைக் கூறாகிய ஆல்பா சாந்தலால் அழற்சியைத் தூண்டும் சில வேதிப்பொருள்களைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சந்தன எண்ணெயும் 0.5 விழுக்காடு சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த மருந்து வரிசையைப் பரு உடையோர்க்குத் தந்து நற்பயன் கண்டது. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. சாலிசிலிக் அமிலமோ தனித்தே பருவுக்குரிய மருந்து. பயனில் சந்தனத்தின் பங்கு எவ்வளவு என்று அவ்வாய்வால் பிரித்துக் கூற இயலாது. இதற்கு மாறாக, சந்தன எண்ணெயால் தோல் ஒவ்வாமை உண்டாவதும் மருத்துவர் அறிந்ததே. ஈரச் சாந்து தரும் குளிர்ச்சியில் பெரும்பங்கு அதிலுள்ள நீர் ஆவியாவதால் வருவது. அது காய்ந்ததும் குளிர்ச்சி நீங்குகிறது. உலர்ந்த அடுக்கு தோலை இறுக்குகிறது. உரிக்கும்போது புதுத்தோலும் பெயர்கிறது. காயவிடலாகாது என்ற பழைய விதியின் பொருள் இங்கே துலங்குகிறது.

புண் உலர்ந்தால்தான் ஆறும் என்பது மேலைநாட்டிலும் நெடுங்காலம் நிலவிய எண்ணம். 1962இல் ஜார்ஜ் வின்டர் "நேச்சர்" இதழில் வெளியிட்ட ஆய்வு அதனை அசைத்தது. பன்றிகளின் மேலோட்டமான காயங்களுள், மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காக்கப்பட்டவை, திறந்து உலரவிட்டவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரைவில் புதுத்தோல் கொண்டன. இன்று பரு உடைந்த இடத்தில் ஒட்டப்படும் ஹைட்ரோகொலாய்டு ஒட்டுத்தாளின் கொள்கை அந்த ஆய்வின் வழியில் வந்ததே. சுசுருதர் புண்ணுக்கு நெய்யைக் கூறியதும் வின்டரின் முடிவும் ஒன்று என்று சாதிப்பது மிகையாகும். இரண்டின் கருத்துலகமும் வேறு. புண்ணை உலரவிடாது காத்த பட்டறிவு பழைய மரபிலும் இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

ஆகவே வீட்டில் செய்யத்தக்கவை எளியன. மேலும் அழுத்தாமல், கையைக் கழுவிய பின், மிதமான கழுவுநீர்மத்தாலும் தண்ணீராலும் அவ்விடத்தைத் தூய்மை செய்யலாம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிச் சில நிமிடங்கள் ஒற்றினால் குருதிநாளங்கள் சுருங்கி வீக்கம் தணியும். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கலாகாது. பின்னர்ப் பெட்ரோலிய ஜெல்லியை மெல்லியதாகத் தடவலாம், அல்லது ஒட்டுத்தாளால் மூடலாம். பொருக்கைப் பெயர்க்கலாகாது. கருமை படியாமலிருக்க வெயிலிலிருந்து காக்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தீங்கு செய்வன. எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். சிவப்பு பரவினாலும், காய்ச்சலோ கடும் வலியோ இருந்தாலும், மூக்கையும் மேலுதட்டையும் சூழ்ந்த பகுதியில் வீக்கம் பெருகினாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும். சந்தனத்தை விட மனமில்லாதவர், உடையாத பருவின்மேல், பகலில், கல்லில் இழைத்த தூய சாந்தை இட்டு, காய்வதற்கு முன் கழுவிவிடலாம். மருந்தென்று பயன் உறுதிப்படாவிடினும், பழைய விதிக்கு அதுவே நெருக்கமானது. ஒவ்வாமை கண்டவர்க்கு அதுவும் ஆகாது.

இவ்வரலாறு ஆய்வுலகுக்கும் ஒன்றை உணர்த்துகிறது. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய சான்றுகளை முன்வைத்ததால் 1997இல் நீக்கப்பட்டது. மரபறிவைக் காப்பதில் அது ஒரு மைல்கல். ஆனால் அவ்வழக்கின் தன்மையால் காக்கப்பட்டது "இந்தப் பொருள், இந்தப் பயன்" என்னும் இணை மட்டுமே. மரபறிவுத் தரவுத்தளங்களைத் தொகுக்கும்போதும், வாய்மொழி வைத்தியத்தைக் களத்தில் பதியும்போதும் அவ்விணையே எளிதில் அட்டவணைக்குள் அடங்குகிறது. எந்நிலையில், எப்பொழுதில், எவ்வளவு நேரம், எப்போது கூடாது என்னும் விதிகள் அட்டவணையின் ஓரத்தில் உதிர்ந்துவிடுகின்றன. பெங்களூரின் நாட்டு மருந்துக் கடைகளில் விற்பவரிடமும், வீட்டில் மருந்திழைத்த மூத்த பெண்களிடமும் கேட்கப்பட வேண்டிய கேள்வி "எதற்கு எது நல்லது" என்பதோடு முடியலாகாது; "எப்போது இடக்கூடாது" என்பதும் அவர்களிடம் கேட்கப்பட வேண்டும். அக்கேள்விக்கு விடை தரக்கூடியவர்களின் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. களப்பணிக்குச் செல்லும் மாணவர் வினாநிரலில் அதற்கென ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வது நலம்.